கார் கம்பெனியிடம் இல்லாத கைகள்: பென்ட்லி புளோயர் மறுஆக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2019 செப்டம்பரில் பென்ட்லி நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன்னிடம் இருக்கும் ஒரு பழைய பந்தயக் காரைப் பிரித்து, அளந்து, அதேபோல 12 புதிய கார்களைச் செய்யப்போவதாகச் சொன்னது. அந்தப் பழைய கார், 1920-களின் கடைசியில் கட்டப்பட்ட நாலரை லிட்டர் சூப்பர்சார்ஜர் பென்ட்லி. கார் பிரியர்கள் சுருக்கமாக ‘புளோயர்’ என்பார்கள். நிறுவனம் தொடங்கி நூறு ஆண்டு ஆகியிருந்த நேரம் அது.

அறிவிப்பைப் படித்தவர்களில் பலர் இதை ஒரு பணக்கார விளையாட்டாகத்தான் பார்த்தார்கள். 12 கார், 12 சேகரிப்பாளர், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் தொழில் சார்ந்த ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்ளும் பொருளை, தொண்ணூறு ஆண்டு கழித்து அதே நிறுவனத்தால் மறுபடி செய்ய முடியுமா? செய்ய முடிந்தது என்றால், அந்தத் திறமை எங்கிருந்து வந்தது? இந்த ஆய்வு அதைத்தான் பின்தொடர்கிறது. வேலை செய்த பொறியாளர்கள், கைவினைஞர்கள் பெயரை இங்கே சொல்லவில்லை. பழைய வரலாற்றில் வருபவர்களின் பெயர்கள் மட்டும் வரும்.

பின்னணி: நிறுவனரே விரும்பாத கார்

டபிள்யூ. ஓ. பென்ட்லி 1919-ல் நிறுவனத்தைத் தொடங்கினார். லண்டனின் கிரிக்கிள்வுட் பகுதியில் தொழிற்சாலை. அதற்கு முன், இளம் வயதில், டான்காஸ்டர் ரயில் பட்டறையில் நீராவி எஞ்சின் வேலை கற்றவர். ரயில்காரரின் புத்தி கடைசிவரை அவரிடம் இருந்தது. எதைச் செய்தாலும் கனமாக, உறுதியாக, நீண்ட தூரம் ஓடும்படி செய்ய வேண்டும் என்பார். வேகம் அதிகம் வேண்டுமா, எஞ்சினைப் பெரிதாக்கு, அவ்வளவுதான். மூன்று லிட்டர், நாலரை, ஆறரை, கடைசியில் எட்டு லிட்டர் என்று அவர் போன வழி அதுதான்.

அவர் காரை ஓட்டிய பந்தய வீரர்களில் ஒருவர் சர் டிம் பிர்கின். அவர் வேறு மாதிரி யோசித்தார். நாலரை லிட்டர் எஞ்சினே போதும், அதற்குள் காற்றை அழுத்தித் திணித்தால் பெரிய எஞ்சினின் சக்தி கிடைக்கும் என்றார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் அதற்கான சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார். இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று பின்னிச் சுற்றி, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை எஞ்சினுக்குள் தள்ளும் ரூட்ஸ் வகைக் கருவி அது. பந்தய எஞ்சினின் சக்தி சுமார் 130 குதிரைத் திறனிலிருந்து 240 வரை ஏறியது.

டபிள்யூ. ஓ.வுக்கு இது பிடிக்கவே இல்லை. தன் எஞ்சினின் வடிவமைப்பையே இது கெடுத்துவிடும் என்று எதிர்த்தார். சூப்பர்சார்ஜருக்கு இடம் கொடுக்க எஞ்சினைத் திருத்தவும் அவர் தயாராக இல்லை. அதனால் அந்தக் கருவி ரேடியேட்டருக்கும் முன்னால், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்‌ஷாஃப்டின் முனையில் போய் உட்கார்ந்தது. இன்றைக்கு இந்தக் காரை எல்லோரும் அடையாளம் காணும் அந்த முன்பக்கத் தோற்றம், உண்மையில் ஒரு சண்டையின் விளைவு.

நிறுவனத்தின் தலைவராக இருந்த உல்ஃப் பர்னாட்டோ பிர்கின் பக்கம் சாய்ந்தார். பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் சேர 50 கார்கள் விற்பனைக்காகக் கட்டப்பட வேண்டியிருந்தது, கட்டப்பட்டன. பந்தயக் கார்கள் தனி. அவற்றை வெல்வின் கார்டன் சிட்டியில் தன் சொந்தப் பட்டறையில் பிர்கின் கட்டினார். பணம் கொடுத்தவர் டாரதி பேஜெட் என்ற செல்வச் சீமாட்டி.

பந்தயத்தில் இந்தக் கார் பெரிதாக வெல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1930 லெ மானில் பிர்கின் ஏழு லிட்டர் மெர்சிடிஸைத் துரத்தினார். டயர் பிய்ந்த நிலையிலும் அதை முந்தினார். கடைசியில் மெர்சிடிஸும் நின்றது, புளோயர்களும் நின்றன. ஜெயித்தது டபிள்யூ. ஓ.வின் ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ். அதே ஆண்டு பாவ் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் பிர்கின் இரண்டாம் இடம் பிடித்தார். அவ்வளவுதான் கணக்கு. ஆனாலும் மக்கள் மனத்தில் நின்றது புளோயர்தான். இதற்குத் தர்க்கம் தேடிப் பயனில்லை.

1931-ல் பென்ட்லி திவாலானது. ரோல்ஸ் ராய்ஸ் வாங்கியது. கிரிக்கிள்வுட் தொழிற்சாலை மூடப்பட்டது. அடுத்த பென்ட்லி கார்கள் டெர்பியில் உருவாயின. போருக்குப் பின், 1946 முதல், குரூ நகரத்தில். இந்த ஒரு தகவலைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பென்ட்லி இருக்கும் குரூ தொழிற்சாலையில் ஒரு புளோயர்கூடக் கட்டப்பட்டதில்லை. அதைக் கட்டிய ஆட்களின் கைப்பழக்கம் தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கி வந்திருக்கவும் வாய்ப்பில்லை. பெயர் மட்டும்தான் தொடர்ந்தது.

தொடக்கத்தில் கையில் இருந்தவை

முதலாவது, மூலக் கார். பிர்கின் அணியின் இரண்டாம் எண் கார், யூயூ 5872 என்ற பதிவெண் கொண்டது, பென்ட்லியின் சொந்தச் சேகரிப்பில் இருந்தது. கண்ணாடிக் கூண்டில் வைத்த பொருள் இல்லை அது. பழைய கார் ஊர்வலங்களிலும் பந்தய நினைவு ஓட்டங்களிலும் அவ்வப்போது ஓடிக்கொண்டிருந்த கார்.

இரண்டாவது, காகிதம். அந்தக் காலத்து வரைபடங்களும், பாகங்களைப் பொருத்திப் பிடிக்க உதவும் சில பழைய ஜிக்குகளும் கிடைத்தன.

மூன்றாவது, ஓர் அனுபவம். அதே 2019-ல் நிறுவனத்தில் தனி ஆர்டர் வேலைகளைச் செய்யும் முல்லினர் பிரிவு, கார்னிஷ் என்ற காரின் மறுஆக்கத்தை முடித்திருந்தது. 1939-ல் கட்டப்பட்ட அந்தச் சோதனைக் கார் பிரான்ஸில் விபத்தில் சிக்கியது. அதன் கூடு டியெப் துறைமுகத்தில் குண்டுவீச்சில் அழிந்தது. ஒரே ஒரு கார் இருந்து, அதுவும் போனது. ஆர்வலர்கள் பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அதன் மறுஆக்கத்தைக் கடைசியில் முல்லினர் எடுத்து முடித்தது. அது வெற்றி பெற்றதும், ‘இதைச் செய்தவர்களால் இன்னொன்றும் செய்ய முடியும்’ என்ற தைரியம் வந்தது.

சந்தையும் தயாராகவே இருந்தது. ஜாகுவாரும் ஆஸ்டன் மார்ட்டினும் தங்கள் பழைய கார்களை ‘தொடர்ச்சி’ வரிசையாகச் செய்து விற்றிருந்தன. ஆனால் அவை 1950, 60-களின் கார்கள். போருக்கு முந்தைய ஒரு காரை இப்படிச் செய்வது வேறு வேலை. ரிவெட் என்ற தறையாணி அடித்துச் சேர்த்த சேசிஸ் (காரின் அடிச்சட்டம்), மரச் சட்டத்தின் மேல் கட்டிய உடல், கையால் தட்டி வடித்த ரேடியேட்டர் என்று அதன் தொழில்நுட்பமே கார்த் தொழிலிலிருந்து மறைந்துவிட்ட ஒன்று.

எத்தனை கார் என்பதையும் அப்போதே முடிவு செய்தார்கள். பிர்கினின் அணிக் கார்கள் ஓடிய பந்தயங்கள் 12. பந்தயத்துக்கு ஒன்றாக 12 கார். விளம்பரத்துக்கு வசதியான எண் என்று சொல்லலாம், ஆனால் எல்லை போட்டதில் ஒரு நன்மை உண்டு. எத்தனை செட் பாகம் வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

முதல் முடிவு: மூலக் காரைப் பிரிப்பது

விலைமதிப்பற்ற ஒரு காரைத் திருகுதிருகாகக் கழற்றுவதா, அல்லது வெளியிலிருந்து அளந்துகொண்டு மற்றதை வரைபடத்திலிருந்து ஊகிப்பதா? கழற்றுவது என்றே முடிவானது. கழற்றிய பாகங்களுக்குப் பட்டியல் போட்டு, லேசரால் ஸ்கேன் செய்து, கையாலும் அளந்தார்கள். அதன்பின் மூலக் காரைப் பழைய நிலை கெடாமல் மறுபடி சேர்ப்பதும் திட்டத்தின் ஒரு பகுதி.

இந்த முடிவு சரி என்றே எனக்குப் படுகிறது. காரணம் எளிது. கையால் செய்த காரில் வரைபடம் ஒன்று சொல்லும், பொருள் வேறொன்று சொல்லும். பட்டறையில் ஒருவர் அரம் வைத்து அரை மில்லிமீட்டர் தேய்த்துப் பொருத்தியிருப்பார். அதை எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்க மாட்டார். வரைபடத்தை மட்டும் நம்பிச் செய்தால் 1929-ல் நினைத்த கார் வரும், கட்டிய கார் வராது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தொண்ணூறு ஆண்டு ஓடிய காரை ஸ்கேன் செய்தால் தேய்மானமும் சேர்ந்தே பதிவாகும். லேசருக்கு எது வடிவமைப்பு, எது தேய்மானம், எது இடையில் யாரோ மாற்றியது என்று தெரியாது. லேசரோடு கை அளவும் பழைய வரைபடமும் சேர்ந்தது வீண் வேலை அல்ல என்பது இதனால்தான். மூன்றும் ஒத்துப்போகும் இடத்தில் சிக்கல் இல்லை. ஒத்துப்போகாத இடத்தில் யாராவது உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும்.

இரண்டு பொறியாளர்கள் சேர்ந்து 1,200 மணி நேரம் உழைத்துக் கணினி மாதிரியை முடித்தார்கள். 70 தொகுப்புகளில் 630 பாகங்கள், கோப்பின் அளவு 2 ஜிகாபைட்டுக்கு மேல். இதெல்லாம் நடந்த காலம் 2020-ன் முற்பகுதி. கொரோனாவால் குரூ தொழிற்சாலை மார்ச்சில் நின்று, மே மாதம்தான் மீண்டும் இயங்கியது.

இரண்டாம் முடிவு: வேலையை வெளியே கொண்டுபோவது

கணினி மாதிரி முடிந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை முன்னால் வந்தது. படம் இருக்கிறது, அளவு இருக்கிறது. யார் செய்வது?

குரூவில் திறமைக்குப் பஞ்சமில்லை. தோல் தைப்பவர்கள், மரப்பூச்சு வேலை செய்பவர்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். ஆனால் தடித்த எஃகுத் தகட்டைக் கையால் வளைத்து, சூடான ரிவெட் அடித்து ஒரு சேசிஸ் செய்ய நவீன கார்த் தொழிற்சாலை எதற்கு ஆள் வைத்திருக்கப் போகிறது? இந்த இடத்தில் நிறுவனம் எடுத்த முடிவுதான் இந்த நிகழ்வில் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன். அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளவோ, நவீன முறைக்கு மாற்றவோ அவர்கள் போகவில்லை. அந்தக் கைத்திறன் இன்னும் எங்கே உயிரோடு இருக்கிறது என்று தேடினார்கள். அது கார்த் தொழிலுக்கு வெளியே இருந்தது.

சேசிஸ் வேலை டெர்பிஷயரில் உள்ள இஸ்ரேல் நியூட்டன் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனத்துக்குப் போனது. சுமார் 200 ஆண்டுப் பழமை கொண்டது. அவர்கள் வழக்கமாகச் செய்வது கொதிகலன். நீராவி ரயில் எஞ்சின்களுக்கும், நீராவி இழுவை வண்டிகளுக்கும். இங்கிலாந்தில் பழைய ரயில்களை ஓட்டி மகிழும் சங்கங்கள் நிறைய இருப்பதால் அந்தத் தொழில் அழியாமல் இருக்கிறது. கொதிகலனில் ரிவெட் சரியாக உட்காரவில்லை என்றால் நீராவி கசியும், ஆபத்தாகவும் முடியும். அதனால் அந்தக் கைகளுக்குப் பிழை செய்ய அனுமதி இருந்ததே இல்லை.

ஏன் வெல்டிங் செய்யக் கூடாது என்று கேட்கலாம். செய்யலாம், வேலையும் சீக்கிரம் முடியும். பழுக்கக் காய்ந்த ரிவெட்டைத் துளையில் விட்டு அடித்தால், அது ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிக்கும். அப்படிச் சேர்ந்த சட்டம் ஓட்டத்தில் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். பற்றவைத்த சட்டம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அந்தக் காலத்துக் காரின் ஓட்டத்தில் இந்த நெளிவுக்கும் பங்கு உண்டு. பார்வைக்கு ஒன்றாகவும் ஓட்டத்தில் வேறாகவும் இருக்கும் காரைச் செய்வது இவர்கள் நோக்கம் அல்ல.

இதில் யாரும் திட்டமிடாத ஒரு பொருத்தமும் இருக்கிறது. டபிள்யூ. ஓ. பென்ட்லி தொழில் கற்றது ரயில் பட்டறையில். அவருடைய காரின் எலும்புக்கூட்டை 2020-ல் செய்ய முடிந்தது ரயில் கொதிகலன் செய்பவர்களால்.

ரேடியேட்டரின் வெளிக்கூடு நிக்கல் சில்வரால் ஆனது. பெயரில் வெள்ளி இருந்தாலும் உலோகத்தில் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்று பூஜைத் தட்டும் குங்குமச் சிமிழும் வாங்குகிறோமே, அதே உலோகம்தான். அதைத் தட்டி வடித்து ஈயம் பற்றவைக்கும் வேலையையும், எஃகும் செம்பும் சேர்ந்த பெட்ரோல் டாங்கியையும் பிஸ்டர் நகரில் பழைய கார் ரேடியேட்டர் மட்டுமே செய்யும் ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் வெஸ்ட் புரோம்விச்சில், கொல்லன் பட்டறையாகத் தொடங்கி வளர்ந்த ஒரு நிறுவனத்திலிருந்து வந்தன. முகப்பு விளக்குகள் ஷெஃபீல்டில், தந்தையும் மகனுமாக நடத்தும் ஒரு சிறு பட்டறையில் உருவாயின. அவர்களுடைய அடிப்படைத் திறமை வெள்ளிப் பாத்திர வேலை. ஷெஃபீல்ட் கத்திக்கும் வெள்ளி முலாம் பூசிய பாத்திரத்துக்கும் பேர்போன ஊர் என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

உடலின் சட்டம் ஆஷ் மரத்தில். உறுதியும் வேண்டும், சற்று வளைந்தும் கொடுக்க வேண்டும் என்பதால் குதிரை வண்டிக் காலத்திலிருந்தே வண்டி கட்டுபவர்கள் விரும்பிய மரம் அது. ஒரு கூடு கட்டும் பட்டறை அந்தச் சட்டத்தை முடித்துக் கொடுத்தது.

அதற்குப் பின்தான் வேலை குரூவுக்குத் திரும்பியது. முல்லினரின் தையல் ஆட்கள் மரச் சட்டத்தின் மேல் ரெக்ஸின் போர்த்தினார்கள். இருக்கைகளுக்குள் பஞ்சோ ஃபோமோ இல்லை, குதிரை முடி. ஒரு காருக்குச் சுமார் 10 கிலோ. மேலே ஸ்காட்லாந்தின் பிரிட்ஜ் ஆஃப் வியர் தோல். இந்தக் கட்டத்தில் மட்டும் குரூவின் அன்றாடத் திறமை நேரடியாகப் பயன்பட்டது.

மூன்றாம் முடிவு: விற்காத ஒரு கார்

வாடிக்கையாளருக்கு 12. அதற்கு முன் இன்னொன்று. ‘கார் ஜீரோ’ என்று பெயர் வைத்தார்கள். பளபளக்கும் கறுப்பு வண்ணம், உள்ளே இருண்ட ரத்தச் சிவப்புத் தோல். இதை விற்பதில்லை, கஷ்டப்படுத்திப் பார்ப்பதற்காகவே கட்டுவது என்று தீர்மானித்தார்கள்.

கையால் செய்யும் பழைய கார் மறுஆக்கங்களில் இந்த ஒழுக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரே ஒரு கார் செய்யும் பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது. செய்த காரே சோதனைக் கார், வாங்கியவரே சோதனை ஓட்டுநர். இங்கே 12 பேரின் பணம் பின்னால் இருந்ததால் பதின்மூன்றாவது காருக்கு வழி பிறந்தது.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற கேள்வியும் இந்தக் கட்டத்தில் தீர்க்கப்பட்டது. பாதுகாப்புக்கு அவசியமான, வெளியே தெரியாத மிகச் சில மாற்றங்கள் மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். எஞ்சின் அதே 4,398 சிசி. நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு நாலு வால்வு, இரட்டை ஸ்பார்க் பிளக், மெக்னீசியத்தில் வார்த்த கிராங்க்கேஸ், முன்னால் வில்லியர்ஸ் சூப்பர்சார்ஜர். மறுபடி செய்தால் இலேசாக மேம்படுத்தலாமே என்ற ஆசை எந்தப் பொறியாளருக்கும் வரும். ஒரு மேம்பாட்டை அனுமதித்தால் அடுத்ததை எந்த நியாயத்தில் மறுப்பது? வரம்பு இறுக்கமாக இருந்ததுதான் நல்லது.

எஞ்சின் சோதனை மேடையில் கண்டது

புதிய எஞ்சினைச் சேசிஸில் பொருத்துவதற்கு முன், குரூவின் சோதனை மேடையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நவீன எஞ்சின்களுக்காக அமைத்த மேடை அது. இந்த எஞ்சினின் நீளமும் பிடிமானமும் எதிலும் பொருந்தவில்லை. புளோயரின் முன் சேசிஸைப் போலவே ஒரு தாங்கு சட்டம் செய்து அதில் உட்கார வைத்தார்கள். கட்டுப்பாட்டு மென்பொருளையும் புதிதாக எழுத வேண்டி வந்தது.

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. குரூ தொழிற்சாலை 1938-ல் கார் செய்யக் கட்டப்பட்டதல்ல. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்காகக் கட்டப்பட்டது. இன்றைய சோதனை அறைகளில் அன்று ஓடியவை அந்த 12 சிலிண்டர் விமான எஞ்சின்கள். அப்போது பயன்பட்ட பிடிமானக் கருவிகள் சில தூக்கியெறியப்படாமல் கிடங்கில் கிடந்தன. புளோயர் எஞ்சினுக்கு மேடையைப் பொருத்த அவையே உதவின. எண்பது ஆண்டு யாரும் கேட்காத இரும்பு.

எஞ்சினை உடனே விரட்டவில்லை. 20 மணி நேரத் திட்டம் ஒன்று. மெதுவான ஓட்டத்தில் தொடங்கி நிமிடத்துக்கு 3,500 சுற்று வரை படிப்படியாக ஏற்றி, பாகங்கள் ஒன்றோடொன்று பழகிய பிறகே முழுச் சுமையில் சக்தியை அளப்பது.

சாலையும் களமும்

2020 டிசம்பரில் கார் ஜீரோ முழுமையடைந்தது. அதுவரை ஆன உழைப்பு 40,000 மணி நேரம் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. கணினி மாதிரிக்கு ஆன 1,200 மணியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெறும் 3 சதவீதம். லேசர் ஸ்கேன்தான் செய்திகளில் பெரிதாக வந்தது. நேரத்தைத் தின்றது மற்ற வேலைகள்.

அப்புறம் சோதனை ஓட்டம். சாதாரண உபயோகத்தில் 35,000 கிலோமீட்டருக்குச் சமமான களைப்பைக் காருக்குக் கொடுக்க வேண்டும் என்பது இலக்கு. அதற்கு 8,000 கிலோமீட்டர் களத்தில் ஓட்டத் திட்டம். பீக்கிங்–பாரிஸ், மில்லே மிலியா போன்ற நெடும்பயணங்களில் ஒரு கார் என்ன பாடு படுமோ அதையெல்லாம் இது தாங்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வேகமும் நேரமும் கூடின.

சோதனை முன்னேற முன்னேற வாடிக்கையாளர் கார்களின் வேலையும் தொடங்கியது. 12 காருக்கும் முன்கூட்டியே ஆள் இருந்தார்கள். நிறத்துக்குக்கூட 1920-களின் வண்ண அட்டைகளைத் தேடி, பியூலி கிராமத்தில் உள்ள தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவணங்களுக்குப் போனார்கள். முதல் வாடிக்கையாளர் கார் 2021-ல் முடிந்தது.

கார் ஜீரோ சோதனை முடிந்ததும் ஓய்வு பெறவில்லை. 2023-ல் டோனிங்டன் களத்தில் பழைய கார்களுக்கான பந்தயத்தில் இறங்கியது.

விளைவு: கிடைத்ததும் தீராததும்

தொழில் அளவில் பார்த்தால் திட்டம் நினைத்தபடி முடிந்தது. மூலக் கார் இருக்கிறது, ஓடுகிறது. அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் இப்போது அளவு உண்டு. நாளைக்கு அதில் ஏதாவது உடைந்தால் செய்வதற்கு ஆளும் தெரியும், கோப்பும் இருக்கிறது. 12 கார் விற்ற லாபத்தைவிட நீண்ட நாள் நிற்கும் சொத்து இதுதான் என்பது என் கணிப்பு. சிறு பட்டறைகளுக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் வேலை கிடைத்தது. கொதிகலன்காரர்கள் சேசிஸ் செய்ய முடியும் என்பது ஊருக்குத் தெரிந்தது.

தீராதது, இந்தக் கார்கள் என்ன என்ற கேள்வி. பழைய கார் உலகம் இதில் இரண்டுபட்டே நிற்கிறது. மூல நிறுவனமே, மூல அளவில், மூல முறையில் செய்தால் அது நகல் அல்ல, தொடர்ச்சி என்று ஒரு கட்சி. 1929-ல் பிறக்காதது 1929 கார் ஆகாது, அதற்கு வரலாறு கிடையாது என்று மறு கட்சி. நான் இரண்டாம் கட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் அதற்காக இந்த வேலையின் மதிப்பு குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. 2021-ல் செய்த, மிக நன்றாகச் செய்த புதிய கார் என்று சொல்லி விற்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ‘தொடர்ச்சி’ என்ற சொல்லின் கீழ், 1931-ல் அறுந்துபோன ஒரு கயிற்றை அறுபடாதது போலக் காட்டும் விளம்பரத் தொனிதான் உறுத்துகிறது.

அடுத்த முறை மாறியவை

2022-ல் நிறுவனம் அடுத்த திட்டத்தை அறிவித்தது. இம்முறை ஸ்பீட் சிக்ஸ். 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மானை வென்ற, டபிள்யூ. ஓ. மனத்துக்கு உகந்த கார். மறுபடியும் 12. புளோயரில் கற்றது எப்படிப் பயன்பட்டது என்பதை இதில் பார்க்கலாம்.

ஆவணம் முன்னுக்கு வந்தது. டபிள்யூ. ஓ. பென்ட்லி நினைவு அறக்கட்டளையிடம் இருந்த மூல வரைபடங்களும் அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் குறிப்புகளும் கணினி மாதிரிக்கு அடிப்படையாயின. அவற்றோடு ஒப்பிட 1930 லெ மானில் ஓடிய மூன்றாம் எண் கார் இருந்தது. பட்டறைக் குறிப்புகள் கிடைத்தது பெரிய விஷயம். வரைபடம் சொல்லாததைச் சொல்வது அவைதான். கார் ஜீரோ கட்டும் முறை அப்படியே தொடர்ந்தது. புதிய ஆறரை லிட்டர் எஞ்சின் சோதனையில் 205 குதிரைத் திறன் காட்டியது. 1930 பந்தய எஞ்சினுக்கும் இதற்கும் வித்தியாசம் ஐந்துக்குள்தான்.

இதே வேலையை வேறொரு நிறுவனம் எடுத்தால் நான் இரண்டு மாற்றம் சொல்வேன். ஒன்று, வெளிப் பட்டறைகளைத் தேடும் வேலையைக் கணினி மாதிரி முடியும்வரை தள்ளிப்போடக் கூடாது. ரிவெட் அடிப்பவரும் தகடு தட்டுபவரும் மூலக் காரைப் பிரிக்கும்போதே பக்கத்தில் இருந்தால், லேசருக்குத் தெரியாத தட்டுத் தடங்களை அவர்கள் படித்துச் சொல்வார்கள். அந்தப் பட்டறைகளில் இளையவர் ஒருவராவது வேலையில் சேர்ந்து கற்க, ஒப்பந்தத்திலேயே பணம் ஒதுக்கலாம். 12 கார் முடிந்ததும் அந்தக் கைகள் கொதிகலனுக்கே திரும்பிவிடும். அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு, ஒவ்வொரு காருடனும் ஒரு முழுப் பதிவேடு போக வேண்டும். எந்தப் பாகம் எந்தப் பட்டறையில் எந்த ஆண்டு செய்தது, மூலத்திலிருந்து எங்கே மாறியது, அந்தப் பாதுகாப்பு மாற்றங்கள் எவை என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். சேசிஸிலும் அழிக்க முடியாத அடையாளம் வேண்டும். இன்றைக்கு 12 உரிமையாளருக்கும் தங்கள் கார் புதியது என்று தெரியும். கார்கள் கை மாறும், காகிதம் தொலையும். இன்னும் எண்பது ஆண்டு கழித்து ஏலக் கூடத்தில் நிற்கும் ஒரு புளோயரின் முன்னால், எது 1929, எது 2021 என்று சொல்ல அந்தப் பதிவேடு ஒன்றுதான் இருக்கும்.